மீட்டரில் 412: டெஸ்ட் டிரைவ் ஓடிய புது கார் வாங்கிய அனுபவம்

2025 பிப்ரவரியில் ராமநாதபுரத்தில் ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். முன்பணம் கட்டியாகிவிட்டது, வண்டியைக் கண்ணால் பார்த்துவிட்டு மீதியைக் கட்டலாம் என்று எண்ணம். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் 412 கிலோமீட்டர் என்று வந்தது. பக்கத்தில் நின்ற சேல்ஸ் தம்பி, "நாலு பேர் ஓட்டிப் பாத்த வண்டிதான் டீச்சர், மத்தபடி புதுசு" என்றார்.

நாலு பேர் ஓட்டிப் பார்த்தால் 412 ஆகுமா? அந்தக் கேள்வியோடு எட்டு நாள் அலைந்தேன். கடைசியில் அதே வண்டியைத்தான் வாங்கினேன். அதற்குப் பிறகு இதே நிலைமையில் மூன்று பேர் என்னிடம் வந்து கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

எனக்கு வீடு உச்சிப்புளி, வேலை தங்கச்சிமடத்தில் ஒரு பள்ளியில். போக வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். தினமும் இரண்டு தடவை பாம்பன் பாலம் ஏறி இறங்க வேண்டும். எங்கள் மாவட்டம் பெரும்பாலும் தட்டைப் பூமி. மேடு என்று சொல்ல மேம்பாலங்களும் பாம்பன் பாலமும்தான் இருக்கின்றன. 1988இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். அடியில் படகுகள் போக வேண்டும் என்பதற்காக நடுவில் உயர்ந்திருக்கும். வெளியூர் வண்டிகள் நடுப்பாலத்தில் நின்று கடலைப் பார்ப்பார்கள். பின்னால் வருகிற நாங்கள் ஏற்றத்தில் நின்று, நகர்ந்து, மறுபடி நிற்போம். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. ஏற்றத்தில் நின்று எடுக்கும் ஒவ்வொரு தடவையும் எஞ்சினைச் சக்கரத்தோடு சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச்தான். எனவே என் வண்டியில் கிளட்ச் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கதை முழுக்க நான் கிளட்சையே பிடித்துக்கொண்டு பேசுவதற்கு அதுதான் காரணம்.

ஆட்டோமேட்டிக் வாங்கியிருக்கலாமே என்று பலரும் கேட்டார்கள். என் சித்தப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு கியர் மாற்று என்று சொல்லிச் சொல்லியே எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கையும் காலும் அதற்குப் பழகிவிட்டது, அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் உண்டு. அதோடு நான் கேட்ட மாடலில் இரண்டுக்கும் 55,000 ரூபாய் வித்தியாசம். வெளிநாட்டில் உழைக்கும் வீட்டுக்காரர் அனுப்புகிற பணத்தில் அது சிறிய தொகை இல்லை.

ஆனால் மேனுவலில், அதிலும் மேல் வேரியன்ட்டில், கேட்ட நிறம் உடனே கிடைக்காது. பத்து வாரம் ஆகும் என்றார்கள். கையில் உடனே இருந்தது இந்த ஒரு நீல வண்டிதான். அந்த ஷோரூமில் டெமோவுக்கு என்று பதிவு செய்து வைத்திருந்தது ஆட்டோமேட்டிக். மேனுவல் கேட்டு வருகிறவர்களுக்கு ஸ்டாக்கில் இருந்த இந்த வண்டியை எடுத்துக் கொடுத்து ஓட்ட விட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். டெஸ்ட் டிரைவ் ஓடிய வண்டி இரண்டு வகை. ஒன்று, டீலர் தன் பெயரிலேயே பதிவு செய்து, நம்பர் வாங்கி ஓட்டும் டெமோ வண்டி. அதை வாங்கினால் ஆர்சி என்ற பதிவுச் சான்றில் நீங்கள் இரண்டாவது உரிமையாளர். கம்பெனி வாரண்டியும் டீலர் வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும். இரண்டாவது வகை, பதிவே ஆகாமல், டீலரின் டிரேட் சர்டிபிகேட்டில், அதாவது பதிவாகாத வண்டியை ரோட்டில் எடுக்க டீலருக்குத் தரும் அனுமதியில், ஓடிய வண்டி. சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தோடு போகும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். வாங்க வருகிறவருக்கு ஓட்டிக் காட்டுவதும் அந்தச் சர்டிபிகேட்டில் அனுமதித்த வேலைதான். அதை வாங்கினால் ஆர்சியில் முதல் உரிமையாளர் நீங்களே, வாரண்டியும் உங்கள் தேதியிலிருந்து. எனக்குக் காட்டியது இந்த இரண்டாவது வகை. காகிதத்தில் அது முழுக்கப் புது வண்டி. அதனால்தான் முழு விலை கேட்டார்கள்.

அன்று பணம் கட்டவில்லை. "சித்தப்பாவோட வர்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் சித்தப்பா ஷோரூமுக்குள்ளேயே வரவில்லை. வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணனிடம் போய் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் ஒரு நீள நோட்டு வைத்திருப்பார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எப்போது திரும்பியது, யார் எடுத்தது, மீட்டர் எவ்வளவு என்று எழுதுகிற கேட் நோட்டு. ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக இருக்கும் சேசிஸ் நம்பரின் கடைசி ஐந்து இலக்கத்தைச் சொல்லி, மேலாளரிடமும் அனுமதி கேட்டு, அந்த நோட்டைப் பார்த்தோம். மேலாளர் தயங்கித்தான் சம்மதித்தார். நான் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

கணக்குப் போட்டபோது கதை தெளிவாகிவிட்டது. வண்டி வந்து சேர்ந்த அன்றே மீட்டர் 115. மதுரை ஸ்டாக் யார்டிலிருந்து லாரியில் ஏற்றாமல் டிரைவர் ஓட்டியே கொண்டுவந்திருக்கிறார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய் மாலை திரும்பியிருக்கிறது, 146 கிலோமீட்டர். எங்கே என்று கேட்டால், விளம்பரப் படம் எடுக்க தனுஷ்கோடி போனதாம். மீதி 151 கிலோமீட்டரில் 22 தடவை வெளியே போயிருக்கிறது, ஒவ்வொன்றும் ஆறேழு கிலோமீட்டர். நாலு பேர் இல்லை, இருபத்திரண்டு பேர்.

சித்தப்பா நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்: "மதுரையில இருந்து வந்தது ஒண்ணும் செய்யாது தாயி. ரோட்டுல டாப் கியர்ல ஓடுன வண்டி. தனுஷ்கோடி போனதுக்கு அடியில பாக்கணும். இந்த இருபத்திரெண்டுதான் விசயம். இருபத்திரெண்டு இடது கால்."

412 என்ற எண்ணை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. ஒரே டிரைவர் நெடுஞ்சாலையில் ஓட்டிய 400 கிலோமீட்டரும், வெவ்வேறு ஆட்கள் ஊருக்குள் ஓட்டிய 150 கிலோமீட்டரும் ஒன்றல்ல. ஒரு புது வண்டியின் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்று யாருக்கும் முதல் பத்து நிமிடத்தில் தெரியாது. எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு, பெடலைப் பாதி அழுத்தியபடியே நகர்த்துவார்கள். இதைத்தான் ஹாஃப் கிளட்ச் என்கிறோம். அந்த நேரத்தில் கிளட்ச் தட்டு முழுதாக ஒட்டாமல் உரசிக்கொண்டே சுற்றும். உரசினால் சூடு. சூடு அதிகமானால் தட்டின் மேற்பரப்பு வழவழவென்று இறுகிவிடும். பிறகு பிடிப்புக் குறையும், இல்லையென்றால் வண்டியை எடுக்கும்போது உதறும். சிலர் பழகும் வரை திரும்பத் திரும்ப நிறுத்தி எடுப்பார்கள், சிலர் காலைப் பெடலிலேயே வைத்து ஓட்டுவார்கள். அத்தனை பேரின் பழக்கமும் அந்த ஒரு தட்டின் மேல்.

இதில் வாங்குகிறவர் நஷ்டப்படுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பெரும்பாலான கம்பெனிகளின் வாரண்டி புத்தகத்தில் கிளட்ச் தட்டு, பிரேக் பேடு, வைப்பர் ரப்பர் எல்லாம் தேய்மானப் பொருள் என்ற பட்டியலில் இருக்கும். எஞ்சினுக்கு வாரண்டி உண்டு, கியர் பாக்ஸுக்கு உண்டு. இருபத்திரண்டு பேர் தேய்த்த பொருளுக்கு மட்டும் இல்லை. வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு முறை படித்துவிடுங்கள்.

எஞ்சினைப் பற்றியும் எனக்குப் பயம் இருந்தது. முதல் 1,000 கிலோமீட்டர் பழக்கும் ஓட்டம், அதில் விரட்டக் கூடாது, ஒரே வேகத்திலும் நெடுநேரம் ஓட்டக் கூடாது என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். அந்த ஆயிரத்தில் நாற்பது சதவீதத்தை யார் யாரோ ஓட்டிவிட்டார்கள். சித்தப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், இப்போதைய எஞ்சின்களின் வேலைப்பாடும் ஆயிலும் முன்னைவிட நன்றாக இருப்பதால் பலர் கொஞ்சம் விரட்டியதால் மட்டும் கெட்டுவிடாது என்றார். ஆனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது விரட்டியிருந்தால் அது நல்லதில்லை என்றார். அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அங்கே நான் மனதைத் தேற்றிக்கொண்டேன், எஞ்சினுக்கு வாரண்டி இருக்கிறதே என்று.

மூன்றாம் நாள் வண்டியை நாங்கள் ஓட்டிப் பார்த்தோம். முன்கூட்டியே போன் செய்து, யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தேன். போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. இது முக்கியம். சூடான வண்டி பல குறைகளை மறைத்துவிடும்.

முதலில் நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச் பெடலை மெதுவாக அழுத்தி, விட்டுப் பார்த்தார் சித்தப்பா. அழுத்தும்போது மட்டும் கீச்சென்று சத்தம் வந்தால், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். பெடலை விட்டிருக்கும்போது ஓர் இரைச்சல் இருந்து, அழுத்தினால் அது நின்றால் கியர் பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லை. அப்புறம் பெடல் எந்த உயரத்தில் பிடிக்கிறது என்று பார்த்தார். காலை ஏறக்குறைய முழுதாக எடுத்த பிறகுதான் வண்டி நகர்கிறது என்றால் தட்டு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இதில் நடுவில் பிடித்தது. ஆனால் ஒவ்வொரு மாடலிலும் இது கொஞ்சம் மாறும். அதனால் அதே மாடலில் பத்துக் கிலோமீட்டர்கூட ஓடாத இன்னொரு மேனுவல் வண்டியில் ஏறி, அதன் பெடலையும் பார்த்தோம். அது வேறொருவருக்கு டெலிவரிக்கு நின்ற வண்டி, இடத்தை விட்டு நகர்த்தாமல் பார்த்ததால் விட்டார்கள். ஒப்பிட ஒன்று இருந்தால் கால் உடனே வித்தியாசம் சொல்லிவிடும்.

ரோட்டில் சித்தப்பா செய்தது இரண்டே காரியம். நாலாவது கியரில் 40இல் போகும்போது ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தார். எஞ்சின் சத்தம் மட்டும் எகிறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். எங்களுக்கு இரண்டும் சேர்ந்தே ஏறியது. அடுத்து, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மேம்பாலத்து ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, நிதானமாக எடுத்தார். உதறல் இருக்கிறதா, கருகிய வாடை வருகிறதா என்று பார்க்க. ஒரு தடவைதான். சோதிக்கிறேன் என்று பத்துத் தடவை செய்தால் நீங்கள் இருபத்து மூன்றாவது ஆள். தயவுசெய்து இந்தச் சோதனையைப் பாம்பன் பாலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். கச்சான் காற்று அடிக்கும் நாளில் அங்கே நிற்பதே ஆபத்து, பின்னால் பஸ் வரும்.

கடைசியாக மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரப்பு இருக்கிறதா, ரிவர்ஸ் போடும்போது உரசுகிறதா என்று நானும் ஓட்டிப் பார்த்தேன். ரிவர்ஸில் முதல் தடவை லேசாகக் கடித்தது. பெடலை முழுதாக மிதித்தபடி இரண்டு நொடி கழித்துப் போட்டால் சுத்தமாக விழுந்தது. பல வண்டிகளில் ரிவர்ஸ் அப்படித்தான் இருக்கும். அதனால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிளட்ச் தேறிவிட்டது. பிரச்சினை வேறு இடத்தில் வந்தது.

வெயிலில் நிறுத்திப் பார்க்கும்போது முன் பம்பரின் இடது மூலை மட்டும் ஒரு சாயல் அடர்ந்து தெரிந்தது. ஷோரூம் விளக்கில் அது தெரியவே இல்லை. கேட்டதற்கு, "அது வெளிச்சம் டீச்சர்" என்றார் தம்பி. மேலாளரைக் கேட்டேன், "கம்பெனியிலிருந்து வரும்போதே அப்படித்தான்" என்றார். அதே கம்பெனியின் வேறு ஊர் சர்வீஸ் சென்டரில் என் பழைய வண்டியைப் பார்த்த அட்வைசர் ஒருவர் இருந்தார். சேசிஸ் நம்பரை அனுப்பி, இதில் ஏதாவது வேலை நடந்திருக்கிறதா என்று கேட்டேன். கம்பெனியின் கம்ப்யூட்டரில் அது இருந்தது: முன் பம்பர், பெயின்ட் வேலை. யாரோ ஓட்டிப் பார்க்கும்போது எதிலோ உரசியிருக்கிறார்கள்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக், அதில் பெயின்ட் அடித்தது பெரிய சேதம் இல்லை. ஆனால் கேட்டபோது இரண்டு பேர் இரண்டு பொய் சொன்னார்கள். நாலு பேர் என்று சொன்னது இருபத்திரண்டாக இருந்தது. முதல் நாளே "இவ்வளவு ஓடியிருக்கிறது, இங்கே உரசியது, இவ்வளவு குறைத்துத் தருகிறோம்" என்று சொல்லியிருந்தால் அன்றே பணம் கட்டியிருப்பேன்.

மேலாளரிடம் மறுபடி போனபோது கத்தவில்லை. கேட் நோட்டுப் படங்களையும் பம்பர் விவரத்தையும் மேசையில் வைத்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பழைய பொருளையோ புதுப்பித்த பொருளையோ புதியது என்று பொய்யாகக் காட்டி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்றே எழுதியிருக்கிறது என்பதையும் சொன்னேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்தாலே வழி சொல்வார்கள், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனுக் கொடுக்கலாம். நான் அதுவரை போகவில்லை. தெரிந்து வைத்திருப்பது பேச்சின் தோரணையை மாற்றியது, அவ்வளவுதான்.

அடுத்து விலைப் பேச்சு. வண்டியின் ஷோரூம் விலை 7,80,000. அவர்கள் முதலில் 20,000 குறைப்பதாகச் சொன்னார்கள், ஓடிய கிலோமீட்டருக்காக என்று. விசாரித்ததில் அந்த 20,000 ஏற்கெனவே 2024இல் தயாரான எல்லா வண்டிக்கும் இருந்த பழைய ஸ்டாக் தள்ளுபடி. என் வண்டி 2024 ஜூலையில் தயாரானது. ஓடாத வண்டி வாங்கினாலும் அது எனக்குக் கிடைத்திருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கலக்க விடாதீர்கள். தயாரிப்பு மாதமும் வருடமும் டீலர் தரும் படிவம் 21 என்ற விற்பனைச் சான்றிலும் பிறகு ஆர்சியிலும் வரும். நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவர் முதலில் கேட்பது அந்த வருடத்தைத்தான்.

ஓடியதற்கான தள்ளுபடியை நான் மனம்போன போக்கில் கேட்கவில்லை. கிளட்ச் செட் மாற்ற வேண்டி வந்தால் கூலியோடு எவ்வளவு என்று மெக்கானிக்கிடம் கேட்டேன், 12,000 என்றார். அடியில் துருத் தடுப்புப் பூச்சுக்கு 6,000. பெயின்ட் அடித்த பம்பரால் பின்னால் விற்கும்போது குறையக்கூடியது, புது வண்டியின் முதல் ஓட்டத்தை நான் ஓட்டாமல் போனது எல்லாம் சேர்த்து 45,000 கேட்டேன். 35,000க்கு முடிந்தது. ஸ்டாக் தள்ளுபடியோடு மொத்தம் 55,000.

பணத்தைவிட நான் பெரிதாக நினைப்பது அவர்களிடம் எழுதி வாங்கியதை. டெலிவரி ரசீதில் "மீட்டர் ரீடிங் 431 கிலோமீட்டர், டெஸ்ட் டிரைவுக்குப் பயன்படுத்தியது, முன் பம்பர் பெயின்ட் செய்தது" என்று எழுதி, கையெழுத்தும் சீலும் போட்டுத் தந்தார்கள். லெட்டர்ஹெட்டில் தனியாக ஒரு கடிதம்: ஒரு வருடம் அல்லது 15,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை கிளட்சில் குறை வந்தால் செலவு அவர்களுடையது. வாரண்டி, இன்சூரன்ஸ் இரண்டும் என் டெலிவரித் தேதியிலிருந்து. முதல் இலவச சர்வீஸ் 1,000 கிலோமீட்டர் கணக்கு என்பதால், எனக்கு அது இரண்டே வாரத்தில் வந்துவிடும் என்பதையும் பேசி, 1,500 வரை ஏற்றுக்கொள்வதாக எழுதி வாங்கினேன். வாயால் சொல்லும்போது எல்லாவற்றுக்கும் சரி என்பார்கள். எழுதச் சொன்னால்தான் எது உண்மையிலேயே சரி என்று தெரியும்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் கரைக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். தனுஷ்கோடி போய் வந்த வண்டி என்றதுமே, பணம் கட்டும் முன் ஒரு வாட்டர் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதமாக இருந்தார். முன் சக்கரத்து உள்பக்கம், பிளாஸ்டிக் கவசத்துக்கு மேலே, கடற்கரை மணல் அப்பிக் காய்ந்து கிடந்தது. இரண்டு போல்ட்டுத் தலையில் செம்பழுப்பு. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார் ரோடு இருக்கிறது, ஆனாலும் காற்றில் மணலும் உப்புத் தண்ணீர்ச் சாரலும் வரும், படம் எடுக்க மணலில் இறக்கியும் இருப்பார்கள். அப்படியே நாள்கணக்கில் ஷோரூம் வாசலில் நின்றிருக்கிறது. பிரேக் டிஸ்கில் மேலோட்டமாகத் துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம், நாலு தடவை பிரேக் அடித்தால் போய்விடும். குழி விழுந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். அடியை நன்றாகக் கழுவி, காயவைத்து, அதன் பிறகுதான் பூச்சு அடிக்க வேண்டும். உப்பின் மேல் பூச்சு அடித்தால் அது உப்பை உள்ளே வைத்துப் பூட்டியது மாதிரி.

நான் கவனிக்காமல் விட்டது டயர். மேல்பக்கம் பார்த்தேன், புது டயரில் இருக்கும் ரப்பர் முடிகள் ஓரத்தில் இன்னும் இருந்தன, நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது வாரம் மண்டபம் தாண்டும்போது பின் டயரில் காற்று இறங்கியது. ஸ்டெப்னி மாட்டலாம் என்று டிக்கியைத் திறந்தால் ஜாக்கி இருக்கிறது, அதைச் சுற்றும் கம்பி இல்லை. யாரோ எதற்கோ எடுத்து வேறு வண்டியில் போட்டுவிட்டார்கள். மீன் வண்டி ஓட்டிவந்த ஒரு தம்பி நிறுத்தி உதவினார். பங்சர் கடையில் டயரிலிருந்து எடுத்தது ஒரு கருவேல முள், கறுத்துத் தேய்ந்து, உள்ளேயே ஒடிந்து கிடந்தது. "இது இன்னைக்கு ஏறின முள் இல்லக்கா, ரொம்ப நாளாச்சு" என்றார் கடைக்காரர். வண்டியை எடுக்கும் முன் நாலு டயரையும் உள்பக்கம் கையால் தடவிப் பாருங்கள். ஜாக்கி, கம்பி, ஸ்பேனர், இரண்டாவது சாவி எல்லாம் இருக்கிறதா என்று எண்ணி வாங்குங்கள். டெஸ்ட் டிரைவ் வண்டியின் டிக்கி பொதுப் பெட்டி மாதிரி.

பதிவான டெமோ வண்டி வாங்குவது வேறு கணக்கு. என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் அப்படி ஒன்று வாங்கினார். விலையில் நல்ல லாபம். முக்கியமாக ஆயுட்கால வரி டீலரே கட்டிவிட்டதால் அவர் கட்ட வேண்டியதில்லை. 2023 நவம்பரில் வரி ஏறிய பிறகு தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான புது காருக்கு அது 13 சதவீதம். என் வண்டிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போயிற்று. ஆனால் அவருக்கு ஆர்சி மாறவே மூன்று மாதம் ஆனது. அந்த வண்டியை டீலர் வங்கிக் கடனில் வாங்கியிருந்தார், ஆர்சியில் வங்கி பெயர் இருந்தது. உரிமை மாற்றும் படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கியாகிவிட்டது, கடன் நீக்கும் படிவம் 35 வரவில்லை. படிவம் 35 கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காக டீலருக்குச் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி உங்களுக்கு வராது. வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்றும் கேளுங்கள்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. சின்ன பெட்ரோல் காருக்கு முன்பு செஸ் என்ற கூடுதல் வரியோடு 29 சதவீதம். நான் வாங்கிய 7,80,000 ரூபாய் வண்டி அந்தக் கணக்கில் ஏறக்குறைய 66,000 குறையும். பழைய விலைப் பட்டியலைக் காட்டி, அதிலிருந்து 50,000 தள்ளுபடி என்று டெமோ வண்டியை நீட்டினால், அது தள்ளுபடியே இல்லை. இன்றைய புது வண்டியின் விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இதை எழுதும் டிசம்பரில் என் மீட்டர் 11,600. கிளட்ச் அன்று பிடித்த இடத்திலேயே பிடிக்கிறது. பாலத்தில் நின்று எடுக்கும்போது ஹேண்ட் பிரேக்கைத்தான் பயன்படுத்துகிறேன், ஹாஃப் கிளட்சில் தாங்கி நிறுத்துவதில்லை. வாரம் ஒரு முறை வீட்டுக் குழாயில் அடியைக் கழுவுகிறேன். கடிதத்தின் ஒரு வருடம் பிப்ரவரியில் முடிகிறது. ஜனவரி கடைசி சனிக்கிழமை வண்டியை விட்டு, கிளட்சைப் பார்த்து எழுதித் தரச் சொல்லப் போகிறேன். சித்தப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.